அங்கன்வாடி மையங்களும் பொது நிதியும்

அங்கன்வாடி என்பது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு ஊட்டச்சத்து, உடல்நலம், முன்பருவக் கல்வி ஆகிய சேவைகளை அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழங்கும் இந்திய அரசுத் திட்ட மையம் ஆகும். முற்றத்தைக் குறிக்கும் 'ஆங்கன்' என்ற இந்திச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இதைக் குழந்தைகள் மையம் என்றும், பேச்சு வழக்கில் பால்வாடி என்றும் அழைப்பர். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது உணவு கிடைக்கும் இடம் மட்டுமன்று. பகல் நேரத்தில் குழந்தையை நம்பி விட்டுச் செல்லும் இடமும் ஆகும். இம்மையங்கள் முழுவதும் பொது நிதியைச் சார்ந்தே இயங்குகின்றன.

தோற்றம்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. பின்னர் படிப்படியாக நாடு முழுவதும் விரிந்தது. இன்று இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ளன. 400 முதல் 800 பேர் வரை வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது பொதுவான அளவுகோல். அதைவிடச் சிறிய குடியிருப்புகளுக்குக் குறு அங்கன்வாடி மையங்கள் அமைக்கப்பட்டன.

சேவைகள்

இத்திட்டத்தின் கீழ் ஆறு சேவைகள் வழங்கப்படுகின்றன.

1. இணை உணவு
2. முன்பருவக் கல்வி
3. ஊட்டச்சத்து, உடல்நலக் கல்வி
4. தடுப்பூசி
5. மருத்துவப் பரிசோதனை
6. மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல்

இவற்றுள் கடைசி மூன்றும் சுகாதாரத் துறையின் பணியாளர்கள் வழியாக நடைபெறுகின்றன. மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மையத்திலேயே சூடான உணவு சமைத்து வழங்கப்படும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவு தரப்படும்.

நிதிப் பகிர்வு

ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் இத்திட்டத்தின் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் எல்லாச் செலவுக்கும் ஒரே விகிதம் இல்லை. தொடக்கத்தில் இணை உணவின் செலவு மாநிலங்களுடையதாகவும், நிர்வாகச் செலவு ஒன்றிய அரசுடையதாகவும் இருந்தது. நிதி வசதி குறைந்த மாநிலங்களில் மையம் இருந்தும் உணவு இல்லாத நிலை இதனால் ஏற்பட்டது. 2005-06 முதல் உணவுச் செலவில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கத் தொடங்கியது.

2015-16இல் விகிதங்கள் மாற்றப்பட்டன. உணவுச் செலவு சரிபாதியாகவே தொடர்ந்தது. பிற இனங்களில் ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடாகவும், மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடாகவும் ஆனது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு 90 விழுக்காட்டை அளிக்கிறது. 2021இல் இத்திட்டம் ஊட்டச்சத்து இயக்கத்துடன் இணைக்கப்பட்டு, 'சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0' எனப் பெயர் பெற்றது.

மையக் கட்டடங்களுக்கு நிதி வேறு வழியில் வருகிறது. போஷன் 2.0 வழிகாட்டுதலின்படி ஊரகப் பகுதியில் ஒரு கட்டடத்துக்கான மதிப்பு 12 லட்சம் ரூபாய். இதில் 8 லட்சம் ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்து பெறப்படும் என வகுக்கப்பட்டது.

ஒரு குழந்தைக்கான தொகை

2017இல் நிர்ணயிக்கப்பட்ட அளவின்படி ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாயும், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு 12 ரூபாயும், கருவுற்ற, பாலூட்டும் பெண்களுக்கு 9 ரூபாய் 50 காசும் ஒதுக்கப்பட்டன. உணவு ஆண்டுக்கு 300 நாள் வழங்கப்பட வேண்டும்.

30 குழந்தைகள் வரும் ஒரு மையத்தை எடுத்துக்கொண்டால், ஒரு நாள் செலவு 240 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 72,000 ரூபாய். இதில் ஒன்றிய அரசும் மாநில அரசும் தலா 36,000 ரூபாய் தர வேண்டும். பருப்பு, எண்ணெய், காய்கறி ஆகியவற்றின் விலை ஏறியபோதும் இந்த அளவு பல ஆண்டுகள் மாறாமல் இருந்தது. தொகை மாறாமல் விலை மட்டும் ஏறும்போது, ஆணையில் எந்த வெட்டும் இல்லாமலேயே தட்டில் விழும் உணவின் தரமோ அளவோ குறைகிறது. சில மாநிலங்கள் தம் சொந்த நிதியிலிருந்து கூடுதல் தொகை அளித்து இந்த இடைவெளியை நிரப்புகின்றன.

சட்ட உரிமை

2001இல் மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி அமைய வேண்டும் என்றது அந்த ஆணை. 2004இல், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோர் என்ற தகுதியைப் பயனாளிகளிடம் கேட்கக் கூடாது என்றும், உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. 2006 டிசம்பர் ஆணையின்படி, ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள ஊரகக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ கோரினால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்கப்பட வேண்டும்.

வருமானச் சான்று கேட்காதது ஏழைகளுக்குப் பயன்தரும் விதியாகும். சான்று பெற அலைய முடியாத குடும்பங்களே பெரும்பாலும் மிக வறிய குடும்பங்களாக இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணவைச் சட்ட உரிமையாக்கியது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி ஆற்றலும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என அதன் அட்டவணை வரையறுத்தது.

தமிழ்நாட்டில்

1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கு உணவளிப்பது அதன் முறை. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், பள்ளி செல்லாத இரண்டு வயது முதலான குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 1989இல் முதலமைச்சர் மு.கருணாநிதி ஆட்சியில் உணவுடன் முட்டை வழங்கத் தொடங்கினர். இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இணை உணவான சத்துமாவு மகளிர் கூட்டுறவு சங்கங்கள் வழியாகவும் தயாரிக்கப்பட்டதால், இத்திட்ட நிதியின் ஒரு பகுதி பெண்களின் வருமானமாகவும் மாறியது.

பணியாளர்கள்

ஒரு மையத்தில் பொதுவாக ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருப்பர். இவர்கள் 'மதிப்பூதியம்' பெறும் தன்னார்வலர்களாகவே கருதப்படுகின்றனர். 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அளவில் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாயும், உதவியாளருக்கு 2,250 ரூபாயும் என நிர்ணயிக்கப்பட்டது. இதற்கு மேல் தருவது மாநிலங்களைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் இவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்கப்படுகிறது. 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடி பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது.

நிதி தாமதமும் விளைவும்

நிதி ஒன்றியத்திலிருந்து மாநிலக் கருவூலம், மாவட்டம், வட்டாரம் எனப் பல படிகளைக் கடந்தே மையத்தை அடைகிறது. முன்பு பெற்ற தொகைக்குப் பயன்பாட்டுச் சான்று தராவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். ஆனால் அடுப்பு தவணைக்காகக் காத்திருக்க முடியாது. பணம் வரத் தாமதமானால் பணியாளர் கடையில் கடன் சொல்லியோ கைப்பணம் போட்டோ காய்கறி வாங்க வேண்டியதாகிறது. அதுவும் இயலாத நாளில் குழந்தைக்கு உணவு கிடைப்பதில்லை. தாயும் வேலைக்குப் போக முடிவதில்லை. ஆகவே இத்தகைய சேவைகளின் நிதியை மதிப்பிடும்போது, ஒதுக்கப்பட்ட தொகையுடன், அது உரிய நாளில் மையத்தைச் சென்றடைந்ததா என்பதையும், விலைவாசிக்கு ஏற்ப உயர்ந்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.