அரிப்பு நடந்து வருகிறது

ராத்திரி பதினோரு மணி. ஃபேன் ஓடுகிறது, கொசுவர்த்தி புகைகிறது, ஆனாலும் ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள். (கடிப்பது பெண் கொசு மட்டும்தான். ஆண் கொசு பூந்தேன் குடித்துக்கொண்டு சாதுவாகக் கிடப்பவர்.) உங்கள் வலது கணுக்காலில் உட்கார்ந்தாள், குடித்தாள், போயே போய்விட்டாள். நீங்களோ செல்லை நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஒன்றும் தெரியவில்லை. இதுதான் சமயம்! வாருங்கள், சத்தம் போடாமல் அந்தக் கணுக்காலுக்குள் நுழைந்துவிடுவோம். அரிப்பு எங்கே புறப்படுகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கூடவே போய்ப் பார்த்துவிடலாம்.

உள்ளே ஒரே களேபரம். ரத்தம் உறையாமலிருக்கக் கொசு துப்பிய எச்சில் தோலுக்கடியில் கிடக்கிறது. அதோ, உடம்பு முழுக்க மணிமணியாக, உப்பிக்கொண்டு நிற்கின்றனவே, அவைதான் மாஸ்ட் செல்கள். 1878-ல் பால் எர்லிக் இவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஜெர்மனில் தீனிபோட்டுக் கொழுக்கவைப்பதைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்துவிட்டார். பாவம், அவை தின்றதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மணிகள் அத்தனையும் வெடிமருந்துப் பொட்டலங்கள், ஹிஸ்டமின் அடைத்தவை. கொசு எச்சிலை அடையாளம் கண்டதும் பொட்டலங்கள் படபடவென்று அவிழ்கின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, தோல் தடிக்கிறது, பக்கத்தில் நீண்டிருக்கும் நரம்பு நுனியை ஹிஸ்டமின் தொட்டுவிடுகிறது. செய்தி புறப்பட்டாயிற்று!

இனிமேல்தான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைக்கு மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. அதில் செய்தி விநாடிக்கு சுமார் 50 மீட்டர் பறக்கும். மணிக்கு 180 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் சோதனை ஓட்டத்தில் எட்டிப்பிடித்த வேகம். அரிப்புக்கு வாய்த்ததோ சி-இழை. உறை கிடையாது, மகா ஒல்லி, விநாடிக்கு ஒரு மீட்டர் போனால் பெரிது. மணிக்கு 3.6 கிலோமீட்டர்! சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் காலாற நடக்கும் வேகம். சில அரிப்பு இழைகள் அதிலும் பாதிதான். தேர் நகர்வது போல அசைந்து அசைந்து வரும். கணுக்காலிலிருந்து இடுப்புக்கு ஒரு மீட்டர் தூரம் இருக்குமா? ஒன்றிரண்டு விநாடி ஆகிவிடும். நாம் மூச்சு வாங்காமல் கூடவே நடந்து போகலாம்.

நடக்கும்போதே ஒரு பழைய கதை. 1660-லேயே சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அரிப்புக்கு இலக்கணம் சொல்லிவிட்டார்: சொறியத் தூண்டும் இன்பமற்ற உணர்ச்சி. இன்றுவரை அதைவிட நல்ல இலக்கணம் யாரும் எழுதவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அரிப்பை வலியின் சின்னத் தம்பியாகத்தான் நினைத்தார்கள். பலமாக இருந்தால் வலி, சன்னமாக இருந்தால் அரிப்பு. தனி நரம்பு எதற்கு என்று கேட்டார்கள். எனக்கு இந்தக் கருத்து ஒருநாளும் பிடித்ததில்லை. வலித்தால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம், அரித்தாலோ கை தானாக அங்கே போகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? வயிறு வலிக்கும், வயிற்றுக்குள் அரித்து யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தோல், கண், மூக்கு, தொண்டை என்று வெளியுலகம் உரசும் இடங்களில் மட்டும்தான் அரிப்புக்கு அதிகாரம். ஈரலில் கோளாறு என்றாலும் அரிப்பது தோல்தான்.

1997-ல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ட்ஸ் குழுவினர் தன்னார்வலர்களின் கால் நரம்புக்குள் மெல்லிய ஊசிமுனையைச் செருகி ஒட்டுக்கேட்டார்கள். சில சி-இழைகள் குத்தினாலும் அழுத்தினாலும் வாயே திறக்கவில்லை. தோலில் ஹிஸ்டமினைச் செலுத்தியதும் விடாமல் பேச ஆரம்பித்தன, அதுவும் அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் அரித்ததோ ஏறக்குறைய அவ்வளவு நேரம்! மாட்டிக்கொண்டாயா தம்பி?

இதோ, தண்டுவடம் வந்துவிட்டது. இங்கே செய்தி கைமாற வேண்டும். 2013-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சந்தோஷ் மிஸ்ராவும் மார்க் ஹூனும் எலிகளில் கண்டுபிடித்தது: வாசலில் இந்த நரம்பு நீட்டுகிற சீட்டின் பெயர் பிஎன்பி. எங்கோ கேட்டமாதிரி இருக்கிறதா? இதயம் பலவீனமாகிவிட்டதா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கிறார்களே, அதே பிஎன்பிதான். இதயம் சுரக்கும் பொருளுக்கு இங்கே பகுதிநேர வேலை! உள்ளே அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவர்களில் முக்கியமானவர், ஜிஆர்பிஆர் என்ற ஏற்பியை வைத்திருக்கும் நரம்பு செல். செயின்ட் லூயிஸ் நகரில் ஜோ-ஃபெங் சென் குழுவினர் 2009-ல் எலிகளுக்கு இந்த செல்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். எலிகள் சொறிவதை ஏறக்குறைய மறந்தே போயின. வலிக்கு மட்டும் எப்போதும்போலத் துள்ளின. தம்பிக்குத் தனி வீடே இருக்கிறது.

இந்நேரம் உங்கள் கை கணுக்காலுக்குப் போயிருக்குமே? போகட்டும், அதையும் உள்ளிருந்தே பார்ப்போம். நகம் உழும்போது தோலுக்கு வலிக்கிறது. வலிச் செய்தி தண்டுவடத்துக்கு வந்ததும் அங்கிருக்கும் அடக்கும் செல்கள் அரிப்பின் வாயைப் பொத்துகின்றன. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது என்று முட்டாள்தனத்துக்கு உவமை சொல்கிறோம். நாம் எல்லோரும் தினமும் செய்வது அதன் சின்னப் பதிப்புதான். மினசோட்டாவில் குரங்குகளின் தண்டுவட செல்களைக் கவனித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. செல் அரிப்பால் துடித்துக்கொண்டிருந்தால் சொறிந்ததும் அடங்கியது. மிளகாயின் காரப்பொருளால் துடித்தபோது எவ்வளவு சொறிந்தும் அடங்கவில்லை. தண்டுவடத்துக்கு ஆள் தெரிகிறது!

ஆனால் இந்தச் சமரசத்தில் ஒரு சூது உண்டு. வலியைத் தணிக்க மூளை செரட்டோனினை அனுப்புகிறது. அது தண்டுவடத்தில் இறங்கி அந்த ஜிஆர்பிஆர் செல்களையும் உசுப்பிவிடுகிறது என்று 2014-ல் சென் குழுவினரே எலிகளில் காட்டினார்கள். சொறிந்தால் அடங்கும், அடங்கினால் மறுபடி கிளம்பும். சொறியச் சொறிய ஏன் இன்னும் அரிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இந்தச் சந்தில்தான் இருக்கிறது.

எல்லா அரிப்பும் ஹிஸ்டமின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் என் பெஞ்சில் எவனோ பூனைக்காலிச் சுணையைத் தூவிவிட்டான். அன்று நான் ஆடிய ஆட்டத்தை வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அந்தப் பழுப்புநிறச் சுணையில் மியூகுனைன் என்ற நொதி இருக்கிறது. அது ஹிஸ்டமினின் தயவே இல்லாமல், வேறு ஏற்பியைத் தட்டி, வேறு சி-இழைகளைக் கிளப்பும். அதனால்தான் உலகமெங்கும் அரிப்பு ஆய்வுக்கூடங்களில் நம் பூனைக்காலிக்கு ராஜமரியாதை. தீராத அரிப்புகளில் பலவும் இந்தக் கட்சிதான். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை அங்கே பெரிதாகப் பலிக்காது. (அதே செடியின் விதையில் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் எல்-டோபா இருக்கிறது. சுணையில் தண்டனை, விதையில் மருந்து.)

கடைசியாக மூளை. இங்கே அரிப்புக்கென்று தனி அறை கிடையாது. இடம் சொல்ல ஒரு பகுதி, எரிச்சல்பட ஒரு பகுதி, கையைக் கிளப்ப ஒரு பகுதி என்று ஆளுக்கொரு வேலை. இவர்களை ஏமாற்றுவதும் எளிது. 2013-ல் லூபெக் ஆய்வாளர்கள் ஒரு கையில் அரிப்பை உண்டாக்கிவிட்டு, மறு கையைக் கண்ணாடிக்கு முன் வைத்துச் சொறிந்தார்கள். கண்ணாடியில் பார்த்த மூளை, அரிக்கும் கையைத்தான் சொறிகிறார்கள் என்று நம்பி ஓரளவு சமாதானமாகிவிட்டது. இன்னொரு ஜெர்மன் குழு அரிப்பைப் பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு வைத்து, பூச்சிப் படங்களைப் போட்டுக் காட்டி, கூட்டத்தைப் படம்பிடித்தது. கேட்க வந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் சொறிந்துகொண்டார்கள். கொசு ஒன்றும் இல்லாமலேயே!

வீட்டுக்குப் போகுமுன் ஒரு விஷயம். கொசுக்கடிக்கு ஐஸ் கட்டி வையுங்கள், குளிர்ச்சியும் அரிப்பை அடக்கும்; கொள்ளிக்கட்டை வேண்டாம். ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட அரிப்பு என்கிறார்கள். தோலில் தடிப்பு ஒன்றும் தெரியாவிட்டாலும் சிறுநீரகம், ஈரல், தைராய்டு இவற்றில் ஏதாவது ஆளனுப்பியிருக்கலாம். பவுடர் போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.