விட்ட இடத்திற்குத் திரும்பும் வழி

ஆண்டு மலர் அச்சேறும் முன் அதன் பக்கங்கள் கணினியில் ஒரே நீண்ட கோப்பாகச் சேர்கின்றன. நாற்பதாம் பக்கத்தில் பரிசு பெற்ற மாணவி ஒருத்தியின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். இடையின ‘ர’வா, வல்லின ‘ற’வா என்று ஐயம் எழுகிறது. மூன்றாம் பக்கத்துப் பட்டியலுக்குச் சென்று பார்க்கிறோம். பார்த்தாயிற்று, விட்ட இடம் எங்கே? அதைத் தேடுவதற்குள் பார்த்த எழுத்தே மறந்துவிடும். பெயர் பிழையாக அச்சாகிவிட்டால் அவளும் பெற்றோரும் மலரைப் புரட்டும்போதெல்லாம் வருந்துவர் அன்றோ?

எழுதும் இடத்தைக் காட்டி மினுக்கும் சிறு கோடே கர்சர். அது நின்ற இடங்களை மென்பொருள் குறித்து வைத்தால் நாம் எளிதில் திரும்பலாம். 1976-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய ‘வி.ஐ.’ என்னும் தொகுப்பியில், தாவுவதற்கு முன் இருந்த இடத்திற்குத் திரும்ப வசதி இருந்தது. அதன் வழியில், நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட ‘விம்’, இன்று 100 இடங்கள் வரை நினைவில் வைக்கிறது. கண்ட்ரோல் விசையுடன் ‘ஓ’வை அழுத்தினால் பின்னே செல்லலாம்; ‘ஐ’யை அழுத்தினால் முன்னே வரலாம்.

இதை வடிவமைப்போர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, எவ்விடங்களைக் குறிப்பது? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்பவர் வைத்த அடிகளை எண்ணுவதில்லை. திரும்பிய முனைகளையே நினைவில் கொள்கிறார். விம்மும் அவ்வாறே. வரி வரியாக நகர்வதை அது குறிப்பதில்லை. ஒரு சொல்லைத் தேடித் தாவுவது போன்றவற்றையே குறிக்கிறது.

இரண்டாவது, கோப்பு மாறினால் என்ன செய்வது? 120-ஆம் வரியைக் குறித்த பின் அதற்கு மேலே 5 வரிகள் சேர்த்தால், அவ்வரி 125-ஆவதாகிவிடும். ஆகவே குறியும் எழுத்தோடு சேர்ந்து நகர வேண்டும்.

மூன்றாவது, பின்னே சென்ற பிறகு வேறிடத்திற்குத் தாவினால் முன்னிருந்த இடங்கள் என்னவாகும்? இணைய உலாவி அவற்றை விட்டுவிடும். அதனால் பாதை தெளிவாக இருக்கும். ஆனால் சில இடங்களை இழப்போம். விம் வழக்கமாக அவற்றை விடுவதில்லை. இழப்பு இல்லை, பட்டியல் சற்றுக் குழம்பும். உலாவியைப் போல் நடக்கும்படியும் அதை அமைத்துக்கொள்ளலாம்.

பலரும் அறிந்த வேர்ட் மென்பொருளிலும் எளிய வழி ஒன்றுண்டு. ஷிப்ட் விசையுடன் எஃப்5-ஐ அழுத்தினால் கடைசியாகத் திருத்திய இடத்திற்குச் செல்லும். இப்படி மூன்று இடங்களை அது நினைவில் வைக்கிறது. பார்த்த இடத்தையன்றி, எழுதிய இடத்தைக் குறிப்பதால் நம் ‘ர’, ‘ற’ ஐயத்திற்கு இதுவே போதும்.

மாணவியரே, அடுத்த முறை கணினியில் கட்டுரை எழுதும்போது இதைச் செய்து பாருங்கள். சரிபார்த்துத் திரும்புவது எளிதானால், ஐயம் வரும்போதெல்லாம் சரிபார்க்கச் சோம்பல் வராது.