ரத்தம் சொல்லும் சேதி – 11: இருபத்தோரு நாள் ஊசி

காட்டேரிக்குப்பத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றுக்குத் தொண்டை வலி என்று வைத்துக்கொள்வோம். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்ததில் நான்கு நாளில் சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து, காய்ச்சலோடு முழங்கால் வீங்குகிறது. அது வடிவதற்குள் கணுக்கால். "வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும்" என்று தைலம் தேய்த்துவிடும் வீடுகள் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் மட்டுமா இருக்கின்றன? ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, சீட்டில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஏ.எஸ்.ஓ. என்று மூன்று பரிசோதனைகளை எழுதி, எக்கோவுக்குக் கோரிமேட்டு ஜிப்மருக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம்தான்.

மூன்றும் ஒரே கேள்விக்கான விடை அல்ல. ஏ.எஸ்.ஓ. சொல்வது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அண்மையில் வந்துபோனதா என்பதை மட்டும். அழற்சியைச் சொல்பவை மற்ற இரண்டும்.

ஈ.எஸ்.ஆருக்கு ஸ்வீடனின் வெஸ்டர்கிரென் 1921ல் வகுத்த முறைதான் இன்றும் அளவுகோல். நிற்கவைத்த கண்ணாடிக் குழாயில், ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்க்கிறார்கள். ஆனால் சோகை இருந்தால் அழற்சி இல்லாமலேயே இந்த எண் கூடும். சோகை சர்வசாதாரணமான கிராமங்களில் இதை மட்டும் நம்ப முடியாது.

சி.ஆர்.பி. அந்த வகையில் நம்பகமானது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் 1930ல், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. அழற்சி தொடங்கியதும் இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்ட, சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி. ஏறத் தொடங்குகிறது. அழற்சி அடங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

இங்கே ஒரு குழப்பம். தொண்டைக் கிருமிக்குப் பின் இப்படி மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலைக் கண்டறிய டக்கெட் ஜோன்ஸ் 1944ல் வகுத்த விதிகள் 2015ல் திருத்தப்பட்டன. நம் நாட்டைப் போல நோய் அதிகமுள்ள இடங்களுக்கு ஈ.எஸ்.ஆர். 30, சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் என்பவை எல்லைகள். அவையும் துணை அறிகுறிகளாகத்தான். டெசிலிட்டருக்கு 3 என்றால் லிட்டருக்கு 30. சிறிய லேப்களில் கண்ணாடிச் சில்லில் செய்யும் லேட்டக்ஸ் பரிசோதனையோ லிட்டருக்கு 6 மில்லிகிராமிலேயே 'பாசிட்டிவ்' காட்டிவிடும். சாதாரணச் சளிக்கே அந்த அளவு வரும். ரிப்போர்ட்டில் எண்ணைவிட முதலில் அலகைப் பார்ப்பது நல்லது.

காய்ச்சல் இறங்கி எண்கள் சரியான பிறகு, அது தாக்கிய இதய வால்வு என்ன ஆகிறது? ஆண்டுக்கணக்கில் தடித்துச் சுருங்கிக்கொண்டே போகலாம், பெரும்பாலும் மைட்ரல் வால்வு. நாள்பட்ட வால்வு நோயாளிகளின் சி.ஆர்.பி. சராசரி, நோயற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்று துருக்கி மருத்துவர்கள் 2002ல் எழுதினார்கள். உள்ளே அழற்சி முழுதாக அணையவில்லை என்பது அவர்கள் வாதம். ஆராய்ச்சிக்கு நல்ல தடயம். ஆனால் தனி ஒருவரின் வால்வு எவ்வளவு சுருங்கியது என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு எக்கோ வேண்டும்.

எக்கோவின் கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு டெல்லியை அடுத்த பல்லப்கர் உதாரணம். அங்கே 6,270 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஸ்டெதாஸ்கோப்பில் சிக்கியது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. எக்கோவில் ஆயிரத்துக்கு 20.4 பேர்.

அதனால்தான் 'ரிப்போர்ட் நார்மல்' என்று பென்சிலின் ஊசியை நிறுத்துவது ஆபத்து. 21 நாளைக்கு ஒருமுறை இடுப்பில் போடும் பென்சாத்தைன் பென்சிலின், 27 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 12 லட்சம் யூனிட். வலி தாங்காமல் பிள்ளைகள் ஊசி நாளன்று அழுது அடம்பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஊசி போடுவது இன்றைய அழற்சிக்காக அல்ல, அடுத்த தொண்டை வலி மறுபடி இதயத்தைத் தொடாமல் இருக்க. உகாண்டாவில், எக்கோவில் மட்டுமே தெரிந்த ஆரம்ப நோயுள்ள 818 பிள்ளைகளைப் பாதியாகப் பிரித்து இரண்டாண்டு பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது, போட்டவர்களில் 0.8. முடிவு 2021ல் வெளியானது. வால்வு பாதிப்பு நிலைத்துவிட்டால் பல ஆண்டுகள், சிலருக்கு 40 வயது வரைகூட ஊசி தொடரும்.

நிறுத்தியவர்களில் சிலர் திரும்ப வருவது பிரசவ காலத்தில். கர்ப்பத்தில் ரத்த அளவு கிட்டத்தட்ட பாதி கூடுவதால், அதுவரை சமாளித்த குறுகிய வால்வு திணறும். மூச்சிரைப்புக்கு ரத்தசோகைமேல் பழி போடுவார்கள். அப்போது எடுக்கும் சி.ஆர்.பி. பெரிதாக எதுவும் காட்டாமலே இருக்கலாம். காலிடுக்கு ரத்தநாளம் வழியே பலூன் செலுத்தி வால்வை விரிக்க வேண்டிய நிலையோ வந்திருக்கும்.

இதற்கு நேர்மாறு, ஏ.எஸ்.ஓ. ஒன்று மட்டும் கூடியதற்காகத் தேவையில்லாமல் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள். அது அடுத்த வாரம்.