புயலில் சேதமடைந்த அடுக்குமாடி: பழுதுபார்ப்புச் செலவை ஏற்பது யார்?

மும்பை: பருவமழைக்கு முந்தைய புயலோ சூறைக்காற்றோ மும்பையைத் தாக்கும்போதெல்லாம், காற்று ஓய்ந்ததும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வாக்குவாதம் எழுவது வழக்கம். மொட்டை மாடியிலிருந்து நீர் கசிந்து மேல்தள வீட்டின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தால், அதைச் சரிசெய்யும் செலவு அந்த வீட்டுக்காரரைச் சேர்ந்ததா, கட்டடத்தில் வசிக்கும் அனைவரையும் சேர்ந்ததா என்பதே கேள்வி.

2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பைக் கடற்கரையை ஒட்டிக் கடந்தபோது, கொலாபாவில் மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 230 மி.மீ. மழை பதிவானது. நகரெங்கும் 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. 2024 மே 13 அன்று வீசிய புழுதிப் புயலில், செம்பூரை அடுத்த காட்கோபர் சேடா நகரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மீது விழுந்து 17 பேர் உயிரிழந்தனர்.

பொறுப்பு யாருடையது?

மும்பையின் அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை 1960ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வீட்டுவசதிச் சங்கங்களால் நிர்வகிக்கப்படுகின்றன. இச்சங்கங்களுக்கான மாதிரித் துணை விதிகளின்படி, மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், வெளிச்சுவர், சுற்றுச்சுவர், படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, பொதுக் குழாய்கள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது சங்கத்தின் கடமையாகும். மழைநீர்க் கசிவும், அதனால் மேல்தள வீட்டின் கூரையில் ஏற்படும் சேதமும் சங்கத்தின் செலவிலேயே சரிசெய்யப்பட வேண்டும். சொந்தக் குளியலறை, சமையலறைத் தொட்டி போன்றவற்றிலிருந்து ஏற்படும் கசிவுகளுக்கு மட்டுமே வீட்டு உரிமையாளர் பொறுப்பாவார். எனவே, மேல்தளத்துக் குடும்பம் தனியாகச் சுமக்க வேண்டிய செலவு அல்ல இது.

மாதுங்கா போன்ற பழைய பகுதிகளில் நிலைமை சற்று வேறுபட்டது. தீவு நகரப் பகுதியில் 1969 செப்டம்பர் 30க்கு முன் கட்டப்பட்டு, வாடகைதாரர்கள் வசிக்கும் ‘செஸ்’ கட்டடங்களின் கட்டமைப்புப் பழுதுகளை மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியமான ‘மாடா’வின் பழுதுபார்ப்புப் பிரிவு கவனிக்கிறது. புறநகரான செம்பூருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. புதிய கட்டடமாக இருந்தால், வீடு ஒப்படைக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைபாட்டைக் கட்டுமான நிறுவனமே 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது.

பணம் எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 0.75 சதவீதம் பழுதுபார்ப்பு நிதிக்கும், 0.25 சதவீதம் ‘சிங்கிங் ஃபண்ட்’ எனப்படும் மூழ்கு நிதிக்கும் வசூலிக்கப்பட வேண்டும். கட்டுமானச் செலவு 20 லட்சம் ரூபாய் எனில், ஆண்டுக்கு முறையே 15,000 ரூபாயும் 5,000 ரூபாயும் சேரும். ஆனால் கணக்கில் கொள்ளப்படுவது பெரும்பாலும் கட்டடம் எழுப்பப்பட்ட காலத்துச் செலவே. அன்று 40,000 ரூபாயில் கட்டப்பட்ட வீட்டுக்கு இதே விகிதத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய் மட்டுமே பழுதுபார்ப்பு நிதியில் சேரும். அதாவது, அதிகப் பழுது ஏற்படக்கூடிய பழைய கட்டடத்தில்தான் நிதி மிகக் குறைவாக இருக்கும். 0.75 சதவீதம் என்பது குறைந்தபட்ச வரம்பே என்பதால், பொதுக்குழு விரும்பினால் அதனை உயர்த்திக்கொள்ள முடியும்.

காப்பீட்டில் உள்ள இடைவெளி

தீ விபத்து, நிலநடுக்கம் ஆகியவற்றுக்கு எதிராகக் கட்டடத்தைக் காப்பீடு செய்வதை மாதிரித் துணை விதிகள் கட்டாயமாக்குகின்றன. புயல் அதில் குறிப்பிடப்படவில்லை. ஆகவே, சங்கத்தின் காப்பீட்டு ஆவணத்தில் புயல், சூறாவளி, வெள்ளம் ஆகியவை இடம்பெற்றுள்ளனவா என்பதை நிர்வாகக் குழு சரிபார்த்துக்கொள்வது அவசியம். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருக ரக்ஷா’ எனும் பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தில் இவை அடங்கும்.

எனினும், நாள்பட்ட தேய்மானத்துக்கு இழப்பீடு கிடைக்காது. பழைய கசிவைப் புயல் சேதமாகக் காட்ட முடியாது என்பதால், புயலுக்கு முந்தைய நிலையை நிறுவும் ஆவணங்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. 15 முதல் 30 ஆண்டுகள் வரையிலான கட்டடங்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 30 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டமைப்புத் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்பது விதி. அந்த அறிக்கையே இங்கு வலுவான சான்றாக அமையும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

நீர் புகுந்த மின்மானி அறையின் இணைப்பைத் துண்டிக்கச் செய்தல், பெயர்ந்து தொங்கும் பூச்சு மற்றும் கண்ணாடிக்குக் கீழே நடமாட்டத்தைத் தடுத்தல் ஆகியவை முதல் பணிகள். மரம் விழுந்தாலோ சுவர் சரிந்தாலோ மாநகராட்சியின் 1916 எண்ணில் தகவல் தெரிவிக்கலாம். சேதங்களைத் தேதியுடன் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். சேதம் பரவாமல் இருக்கத் தார்ப்பாய் விரிப்பது போன்ற தற்காலிக ஏற்பாடுகளைச் செய்யலாம். நிரந்தரப் பணிகளை மதிப்பீட்டாளர் பார்வையிட்ட பின்னரே தொடங்குவது நல்லது.

பெரிய செலவுகளுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை. சிறப்புப் பொதுக்குழுவை 5 நாள் முன்னறிவிப்புடன் கூட்டலாம்.

சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30க்குள் நடத்தப்பட வேண்டும். மும்பையிலிருந்து பருவமழை வழக்கமாக அக்டோபர் 8ஆம் தேதியளவில் விலகி, அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் தேதியளவில் மீண்டும் தொடங்குகிறது. மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பணிகளை மேற்கொள்ள ஏற்ற காலம் இந்த இடைப்பட்ட எட்டு மாதங்களே. எனவே தணிக்கை, நிதி உயர்வு, காப்பீடு ஆகிய மூன்றையும் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு உறுப்பினர்கள் எழுத்துபூர்வமாகக் கோரலாம்.