பவர் விளக்கு மட்டும் மினுக்கும்போது
(வீட்டுக்குள் வலை: தொடர் – 9)

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் பிற்பகல் வானத்தை நம்ப முடியாது. மலையாளிகள் துலாவர்ஷம் என்பார்கள். காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும், இடி உருளும், கரண்ட் போகும். ரூட்டரை ஓட்டும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்ற இதைவிட மோசமான வேளை இல்லை. பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில்தான் ரூட்டர் புதியதை எழுதுகிறது. பாதியில் மின்சாரம் நின்றால் பவர் விளக்கு மட்டும் மினுக்கும், வைஃபை வராது. ‘பிரிக் ஆயிடுச்சு’ என்று தலையில் கை வைப்பது அப்போதுதான்.

வேலை செய்கிற பெட்டியை ஏன் நோண்ட வேண்டும்? நியாயமான கேள்வி. தயாரித்த நிறுவனம் சில வருடங்களில் அப்டேட்டை நிறுத்திவிடும். பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரியான இலவச ஃபர்ம்வேர் அதே பெட்டியை இன்னும் சில காலம் ஓட வைக்கும்.

இந்தக் கதையில் திருவனந்தபுரத்துக்கும் ஓர் ஓரமான இடம் உண்டு. 2001 ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்துதான் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அவர் எழுதிய ஜிபிஎல் உரிமம் ரூட்டர்களைத் தொட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்து. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். லினக்ஸை விற்றால் மூலநிரலையும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் விதி. நெருக்கடி முற்றி, நிறுவனம் நிரலை வெளியிட்டது. 2004-இல் அதிலிருந்து கிளம்பியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி.

இடியைவிட அவசரம்தான் அதிக ரூட்டர்களைக் கொல்கிறது. டிபி-லிங்க்கின் டபிள்யூஆர்841என் ஒரே பெயரில் பல பதிப்புகளாக வந்தது. ஒன்பதாம் பதிப்பில் குவால்காம் சிப், பதின்மூன்றில் மீடியாடெக். ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகாது. அடிப்பக்க ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்க்காமல் கோப்பை இறக்கியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். 4 எம்பி ஃப்ளாஷ் நினைவகமும் 32 எம்பி ரேமும் உள்ள பழைய பெட்டி என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07-தான் கடைசிப் பதிப்பு. அந்த 19.07-இலிருந்து 21.02-க்குத் தாவும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது: பல மாடல்களில் நெட்வொர்க் அமைப்பு முறையே மாறிவிட்டது. ‘செட்டிங்ஸை வைத்துக்கொள்’ பெட்டியை டிக் செய்தால் ரூட்டர் எழுந்திருக்கும், உள்ளே நுழையத்தான் முடியாது.

இன்னொன்று: இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியில் கை வைக்காதீர்கள். சொந்த ரூட்டரை அதற்குப் பின்னால் இணைத்து, அதில் விளையாடுங்கள்.

செத்தது போலத் தெரியும் ரூட்டர் பெரும்பாலும் சாகவில்லை. ஃபர்ம்வேருக்கு முன்னால் விழித்தெழும் சின்ன நிரல் ஒன்று இருக்கிறது, பூட்லோடர். சாதாரண அப்டேட் அதைத் தொடுவதே இல்லை. டிபி-லிங்க்கின் பல மாடல்களில் அது உதவி கேட்டு நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும். கம்ப்யூட்டருக்கு 192.168.0.66 என்று முகவரி கொடுத்து, லேன் வயரில் ரூட்டரை இணைத்து, கோப்பை அனுப்பும் எளிய நிரலான டிஎஃப்டிபி சர்வரில் ஃபர்ம்வேர் கோப்பை வைக்க வேண்டும். கோப்புக்கு அந்த மாடலுக்கு விதித்த பெயரே இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் ரூட்டர் சீந்தாது. ரீசெட் பட்டனை அழுத்தியபடியே ஸ்விட்சைப் போட்டால் சில விநாடியில் பூட்டுப்படம் போட்ட விளக்கு எரியும், கோப்பு பாயத் தொடங்கும். ஒன்றும் நடக்கவில்லையா? விண்டோஸ் ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள். நிறுவனத்தின் கோப்புப் பெயரில் ‘பூட்’ என்று இருந்தால் அதை அப்படியே ஏற்றக் கூடாது. அதில் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது, முன்பகுதியை வெட்டிவிட வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் மூடியைத் திறக்க வேண்டியதுதான். பலகையில் சீரியல் இணைப்புக்கான நான்கு துளைகள் வரிசையாகத் தெரியும். அனுப்ப, வாங்க, எர்த் ஆகிய மூன்றுக்கு மட்டும் வயர். நான்காவதான மின்துளையை விட்டுவிட வேண்டும். யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் 3.3 வோல்ட்டில் இருப்பது முக்கியம், 5 வோல்ட் சிப்பைப் பொசுக்கிவிடும். வேகம் பெரும்பாலும் 115200. திரையில் எழுத்து ஓடத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பூட்லோடரே அழிந்துபோனால் ஃப்ளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி நேரடியாக எழுத வேண்டும். அப்போதும் ‘ஆர்ட்’ என்ற பகுதியை அழித்துவிட்டால் சிக்கல். ரேடியோவின் அளவீடுகள் அங்கேதான் இருக்கின்றன, பெட்டிக்குப் பெட்டி வேறு. நண்பரின் ரூட்டரிலிருந்து எடுத்துப் போட்டால் வைஃபை ஓடலாம், ஒழுங்காக ஓடாது. முதல் நாளே இந்தப் பகுதியைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே சொந்தமாக ஒரு ரூட்டரை வெளியிட்டது: ‘ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்’. வழக்கமான ஃபர்ம்வேருக்கு ஒரு ஃப்ளாஷ், மீட்புக்கென்று தனியாக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே மாற்ற ஒரு ஸ்விட்ச். வெளியானபோது மேலுறையோடு விலை 89 டாலர். பழைய 841-ஐ எழுப்பிப் பார்க்கிறவர்கள் அந்தப் பணத்தைக் கொடுப்பார்களா என்பது சந்தேகம்தான்.