மூளையின் காயத்தை ரத்தம் சொல்லுமா?

பிறக்கும்போது குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் பால் குடிக்க மறுக்கிறது, துவண்டு போகிறது, மூச்சு வாங்குகிறது. முதல் சந்தேகம் பெரும்பாலும் கிருமித்தொற்றின் மேல்தான் விழும். ஆனால் சில குழந்தைகளுக்கு உண்மைக் காரணம் ஓடிசி குறைபாடு. உடலில் புரதம் சிதையும்போது உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றும் கல்லீரல் நொதிகளில் ஒன்று, மரபணுப் பிழையால் வேலை செய்யாமல் போவதுதான் இது. பிழை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத்தான் கடுமையாகத் தாக்கும்.

இவர்கள் ரத்தத்தில் அமோனியா லிட்டருக்கு 1000 மைக்ரோமோலைக்கூடத் தாண்டும். மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை குளுட்டமினாக மாற்றுகின்றன. குளுட்டமின் சேரச் சேரத் தண்ணீரை இழுக்கிறது. செல்கள் வீங்கி, மூளையே வீங்குகிறது. டயாலிசிஸ் செய்தால் அமோனியா இறங்கிவிடும். ஆனால் "மூளைக்கு ஒண்ணும் ஆகலையே, டாக்டர்?" என்று தாய் கேட்கும்போது அந்த அளவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

அந்தப் பதிலைத் தேடித்தான் ஆய்வாளர்கள் மூளையிலிருந்து ரத்தத்தில் கசியும் புரதங்களை அளக்கிறார்கள். ஜிஎஃப்ஏபி, வீங்கும் அதே ஆஸ்ட்ரோசைட்டுகளின் புரதம். காயம்பட்ட சில மணி நேரத்திலேயே உயரும். நியூரோஃபிலமென்ட் லைட், கான்கிரீட் தூணுக்குள் ஓடும் கம்பிபோல நரம்பிழைக்குள் ஓடுவது. மெல்ல ஏறி வாரக்கணக்கில் நீடிக்கும். ரத்தத்தில் இது மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம்தான் இருக்கும். ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதனால் முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுக்கும் நீரில்தான் இதை நம்பி அளக்க முடிந்தது. இன்றைய சிமோவா கருவி புரத மூலக்கூறுகளை நுண்மணிகளில் பிடித்து, மணிகளைத் தனித்தனிக் குழிகளில் இறக்கி, ஒளிரும் குழிகளை எண்ணுகிறது. சாதாரண ரத்தமே போதும். மூளையைச் சிதைக்கும் மற்றொரு பரம்பரை நோயான சிஎல்என்2-வில், மூளைக்குள் நொதியைச் செலுத்திய பிறகு குழந்தைகளின் நியூரோஃபிலமென்ட் அளவு இறங்கியது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இது பெரிய உதவி.

ஆனால் இப்புரதங்கள் நோயின் பெயரைச் சொல்லாது. தலையில் அடிபட்டாலும் பக்கவாதம் வந்தாலும் இவை உயரும். பச்சிளங்குழந்தைகளிடம் இயல்பாகவே கூடுதலாக இருப்பதால், வயதுக்கேற்ற அளவுகோலும் வேண்டும்.

ஆகவே உயிர் காக்கும் முதல் சோதனை இன்றும் அமோனியாதான். அதற்கு எடுக்கும் ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் குழாயிலேயே அமோனியா ஏறிவிடும். பிறந்த குழந்தை காரணமின்றித் துவண்டால், "அமோனியா பார்த்தாச்சா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தாய்வழியில் ஆண் குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.