தாய் மறைந்த தங்கக் காசு

பழைய ரோமாபுரியின் தங்கக் காசுக்கு ஆரெயஸ் என்று பெயர். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு பவுன். 25 வெள்ளி தினாரியஸ் கொடுத்தால் ஓர் ஆரெயஸ்.

இதைக் கையால்தான் அடித்தார்கள். கீழ் அச்சைப் பட்டறையில் பதித்து, அதன்மேல் தங்க வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. நேரடியாக அடி வாங்கும் மேல் அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே நுணுக்கமான வேலை கொண்ட பேரரசரின் முகம் பெரும்பாலும் கீழ் அச்சில் இருக்கும்.

உயிரோடிருந்த ரோமானியத் தலைவரின் முகம் ரோம் நகரக் காசில் முதன்முதலில் ஏறியது கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசருடையது. அதே ஆண்டு அவர் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட காசில் ஒருபக்கம் புரூட்டஸின் முகம், மறுபக்கம் இரண்டு குத்துவாள்கள். வெட்கமே இல்லை!

என்னைக் கேட்டால், நீரோவின் ஆரம்பக் காசுகளுக்கு ஈடு கிடையாது. 16 வயதில் கி.பி. 54-இல் நீரோ அரியணை ஏறினான். முதல் காசில் தாய் அக்ரிப்பினாவும் மகனும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். இரு தலைகளும் ஒரே அளவு. ஆனால் சுற்றிலும் பொறித்திருப்பது தாயின் பட்டங்கள். பேரரசனின் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசை பார்க்கிறார்கள். முன்னால் மகன், அவனுக்குப் பின்னால் தாயின் முகத்தோரம் மட்டும் தெரிகிறது. பெயர்களும் பக்கம் மாறிவிட்டன. அதன்பின் காசில் அவள் இல்லை. 59-இல் மகனின் உத்தரவுப்படி கொல்லப்பட்டாள். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் இந்தக் கதையை எழுதியது ஏறத்தாழ 60 ஆண்டு கழித்துத்தான்.

கி.பி. 64-இல் நீரோ ஆரெயஸின் எடையை 7.3 கிராம் அளவுக்கு இறக்கினான். முகம் பெரிதானது, தங்கம் குறைந்தது.

மிளகுக்கும் முத்துக்கும் விலையாக இந்தக் காசுகள் தமிழகத்துக்கும் வந்தன. 1898-இல் புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 501 ஆரெயஸ்கள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய கீறல். மீண்டும் புழக்கத்தில் விடாதிருக்க என்பர் சிலர். தங்கத்தின் தரம் பார்க்க என்பர் வேறு சிலர். எப்படியானாலும், இங்கே மதிப்பு முகத்துக்கு இல்லை, எடைக்குத்தான்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பில் ரோமானியக் காசுகள் உண்டு. போனால், முகத்தில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.